கண்ணகைக்குக் குளிர்த்தி, கேதீஸ்வரிக்குக் குமட்டல்

பழுகாமத்துக் கேதீஸ்வரி பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பிப்பவள். இருபது வருடமாகக் கதையும் எழுதுகிறாள். எல்லாம் அம்மனையும் பெண்களையும் பற்றியவை. வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் கோபம் தணியக் குளிர்த்தி பாடும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான். கோபப்பட்டவளைத் தெய்வமாகக் கும்பிடுகிற ஊர், வீட்டுப் பெண் கோபப்பட்டால் ஏன் பொறுப்பதில்லை?

போன வருடம் கோயில் மலருக்குக் கதை கேட்டார்கள். அயல்வீட்டு அன்னப்பூரணியை நினைத்து எழுதினாள். அவள் முதுகில் புருசன் கொதிகஞ்சியை ஊற்றியதில் அன்னப்பூரணி வெல்லாவெளிக்குத் தமையன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

“எழுது மச்சாள், என்ட பேரை மட்டும் போட்டிராத” என்றாள் அவள்.

கதைப்பெண்ணும் குளிர்த்தியன்று புருசனை விட்டுப் போகிறாள்.

வெளியீட்டு விழாப் பந்தலில் மலரைப் புரட்டினாள் கேதீஸ்வரி. முடிவு வேறாக இருந்தது. அம்மன் கனவில் வந்து சொல்ல, கதைப்பெண் திரும்பிப்போய்ப் புருசனின் காலில் விழுகிறாள். மேலே கேதீஸ்வரியின் பெயர். அவளுக்கு வாயெல்லாம் கைத்தது.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யோகராசா பொன்னாடையோடு வந்தார்.

“ஆரு இதை மாத்தினது?”

“நான்தான் புள்ள. அம்மாள்ட மலர்ல குடும்பம் பிரியிற கதையப் போடேலுமா?”

“அம்மாள் ஊரையே எரிச்சவ.”

“அது புருசனுக்காகத்தானே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெற்றிலைக் காவி படிந்த அந்தப் பற்களைப் பார்க்கச் சகிக்காமல், பொன்னாடையை வாங்காமலே இறங்கி நடந்தாள்.

அடுத்த கிழமை அன்னப்பூரணி தொலைபேசியில் அழுதாள். “அவர் மலரோட வந்து நிக்காரு. கேதீஸ்வரி ரீச்சரே எழுதியிருக்கா எண்டு காட்டுறாரு. அண்ணனும் என்னப் போகச் சொல்லுறான். நீதானா மச்சாள் இப்பிடி எழுதின?”

கேதீஸ்வரிக்குத் தன் பெயரே அருவருத்தது. அன்றே பஸ் ஏறினாள். வெல்லாவெளி முற்றத்தில் நின்று, கைப்பேசியில் இருந்த தன் கதையை உரக்க வாசித்தாள். கஞ்சி ஊற்றுகிற இடம் வந்ததும் புருசன் எழுந்து போய்விட்டான். தமையன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். வாசித்து முடிந்ததும், “நீ இஞ்சயே இரு தங்கச்சி” என்றான்.

இந்த வைகாசியில் கேதீஸ்வரி அந்தக் கதையைத் தனித்தாளாக அச்சடித்துக் கோயில் வாசலில் கொடுத்தாள். சில பெண்கள் சேலைக்குள் செருகிக்கொண்டு போனார்கள். சில தாள்களில் கடலைக்காரர்கள் கடலை மடித்தார்கள். யோகராசாவும் ஒன்றை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வாசித்தாரோ தெரியாது. அவரைக் கண்டால் அவளுக்கு இன்னமும் குமட்டுகிறது.