ஆரோக்கியமேரி வெட்டிய கவசம்

கடந்த செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்கு மணி அடிக்கச் சற்று முன்னர், ஓவர்லொக் மெஷின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. கை முழுக்க எண்ணெய். எடுக்காமல் விடத்தான் நினைத்தேன். திரையில் பிலோமினா என்று பெயர் தெரிந்தது. எங்கள் மேரியின் தங்கை. காரணமில்லாமல் எனக்கு அழைக்கிறவர் அல்லர்.

“அண்ணே, அக்கா போயிட்டாங்க. கஞ்சி கொண்டுபோயி எழுப்புனேன். எந்திரிக்கல.”

“வாறன்” என்றேன். கழிவுத் துணியில் கையைத் துடைத்தேன். சாம்பிள் அறைக்குப் போய் அங்கிருந்த பெண்களிடம் சொன்னேன். ஒருவர் மெஷினை நிறுத்தாமல் கையிலிருந்த தையலை முடித்து, நூலை வெட்டி, அதற்குப் பிறகுதான் அழுதார்.

சவரிமுத்து ஆரோக்கியமேரி அவர்கள் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கண்டிக்கு வந்து, மஹய்யாவையில் தங்கையோடு ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை செய்தார். பேட்டன் வெட்டுவது அவருடைய வேலை. ஒரு சட்டையை எத்தனை துண்டாகப் பிரிப்பது, எந்தத் துண்டை எந்த வளைவில் வெட்டினால் அது உடம்பில் ஒழுங்காக நிற்கும் என்று காகிதத்தில் வரைந்து கொடுக்கிற வேலை. கலியாணம் செய்யவில்லை. அதிகம் பேசமாட்டார். யாராவது பிழையாகத் தைத்துக்கொண்டு வந்தால் ஏசமாட்டார். தையலைப் பிரித்து அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். அது ஏச்சிலும் கூடுதலாகச் சுடும்.

அவரை நேரில் அறியாத பலர் ஒரு படத்தின் மூலம் அறிந்திருப்பீர்கள். சாம்பல் நிறத்தில், கழுத்து முதல் கால்வரை, வேறு ஏதோ கிரகத்திலிருந்து இறங்கியது போல ஒரு கவசம். இடது மார்பில் மூன்று நீல வெளிச்சங்கள். கையில் தலைக்கவசத்தோடு நிற்கும் ஒரு நடுவயதுப் பெண். கைபேசிக்குக் கைபேசி போன படம் அது. அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கவேண்டியவன் நான். ஏன் நிற்கவில்லை என்பதையும் இங்கே எழுதவேண்டும். எழுதாவிட்டால் இது அஞ்சலி ஆகாது.

நான் அந்தத் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் தங்கிவிட்டவன். ஒருநாள் தேநீர் நேரத்தில் மேரி தன் கைபேசியை என் முன்னால் வைத்தார். யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டுக்குள் உட்கார்ந்து விண்வெளிச் சிப்பாயின் உடுப்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்.

“இரும்புன்னு நெனச்சேன் நேசண்ணே. இல்ல, றப்பர் சீட்டு. சூடு காட்டி வளைக்கிறாங்க. இதெல்லாம் பேட்டன்தானே?”

“உங்களுக்கு என்னத்துக்கு மேரி இது?”

அவர் கைபேசியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். “இருபத்தஞ்சு வருசமா மொகந்தெரியாதவங்க ஒடம்புக்கு வெட்டுறேன். ஒரு தடவ என் ஒடம்புக்கு வெட்டிப் பாக்குறேன்.”

அக்குறணையில் செருப்புச் சாமான் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்கார முஸ்லிம் நானா சீட்டுகளைச் சுருட்டிக் கட்டியபடியே, “எத்தன சோடி செருப்பு வெட்டப் போறீங்க தங்கச்சி?” என்று கேட்டார். “செருப்பு இல்ல நானா, ஆளு” என்றார் மேரி. நானாவுக்கு விளங்கவில்லை. என்றாலும் சிரித்துவைத்தார்.

முதலாவது கவசம் பார்க்கத்தான் நன்றாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவரால் கதிரையில் உட்கார முடியவில்லை. கையை உயர்த்தினால் தோள்தட்டு தாடையில் இடித்தது. முழங்கை மடிப்பில் பெயின்ற் வெடித்து உதிர்ந்தது. மேரி குறை ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, சனிக்கிழமை தோறும் ஒன்றைத் திருத்தினார். தோள்தட்டை மூன்றாகப் பிரித்து, மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே நாடாவால் பிணைத்தார். பெயின்ற் வெடிக்காமலிருக்க வெள்ளைப் பசையை ஆறு தடவை பூசிக் காயவைத்தார். தொடையில் உராய்ந்த இடத்துக்குச் சட்டைக் கொலர்த் துணியை வைத்துத் தைத்தார். கடைசியில் கறுப்புப் பெயின்றைத் தேய்த்து அழுக்காக்கினார்.

“புதுசா இருந்தா பொய்யாத் தெரியும்” என்றார். “இவ காத்தே இல்லாத ஒரு எடத்துல பல வருசமா தனியா காவல் நிக்கிறவ.”

வெளிச்சங்களுக்குப் பற்றரியும் வயரும் பூட்டியது நான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அவருடைய இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. மார்புத்தட்டை உடம்போடு வைத்து அழுத்தி அளவு பார்த்தபோது ஓரிடம் நொந்திருக்கிறது. தட்டில்தான் பிழை என்று நினைத்து அந்த இடத்தை இரண்டு தடவை வெட்டித் திருத்தியிருக்கிறார். மூன்றாவது தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். சத்திரசிகிச்சை செய்து மார்பை எடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மஹய்யாவைக்குப் போனேன். முன்னறையில் மேசைமேல் பழைய மார்புத்தட்டு இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. மேரி பழுப்புக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலையில் துவாய் கட்டியிருந்தார், முடி இல்லை.

“முந்தின தட்டே போதுமே,” என்றேன். “உள்ளுக்குப் பஞ்சை வைச்சால் வெளியில தெரியாது.”

“தெரியட்டும் அண்ணே. அளவு மாறினா பேட்டனும் மாறணும். பஞ்சு வச்சு ஏமாத்துற வேலைய நான் செஞ்சதில்ல.”

வலது பக்கத்தை வளைவாகவும் இடது பக்கத்தைத் தட்டையாகவும் வெட்டினார். “லைட்டு மூணையும் இந்தப் பக்கம் வைங்க. தட்டையா இருக்கு, நல்லா நிக்கும்” என்று காட்டினார். நான் வைத்தேன். தையல் மூட்டோரம் ஒரு சிவப்பு வயர் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதை உள்ளே விட்டு ஒட்டியிருக்கலாம். நேரமாகிறது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

கண்டியில் ஒரு மண்டபத்தில், கற்பனைப் பாத்திரங்கள்போல வேடமணிந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் வைத்தார்கள். மேரி பெயர் கொடுத்தார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். கவசத்தை இரண்டு சாக்கில் போட்டு திறீவீலரில் கொண்டுபோனோம். வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சிறு அறையில் அணிந்துகொண்டு வரிசைக்கு வந்தார். முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். மேரி வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார். வாசலில் நின்ற காவலாளி அந்தச் சிவப்பு வயரைக் கண்டார்.

அந்த மனிதர் கொடியவர் அல்லர். அவர் பயந்து ஓரடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். ஒரு பெண், மார்பில் பற்றரி, வயர். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். இந்த நாட்டில் குண்டு என்று பயப்பட அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. வரிசை பின்னால் நகர்ந்தது. சிலர் கைபேசியை உயர்த்தினார்கள்.

“கவுத மேக்க ஹெதுவே?” என்று அவர் கேட்டார். யார் இதைச் செய்தது என்று.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். இருபது வயதில், திருத்தக் கொண்டுபோன ஒரு வானொலியின் வயருக்காக, ஓர் இராணுவச் சாவடியில் இரண்டு நாள் இருத்தி வைக்கப்பட்டவன் நான். அதை ஒரு நியாயமாக இங்கே சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். என் வாய் திறக்கவில்லை. மேரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு காவலாளியைப் பார்த்து, “மம தமாய்” என்றார். நான்தான் என்று.

கழற்றச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் மேரி மார்புத்தட்டைக் கழற்றினார். உள்ளே வியர்வையில் ஒட்டிய ஒரு மெல்லிய பெனியன். ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது. உயர்த்திய கைபேசிகள் இறங்கின. காவலாளி பற்றரியைப் பார்க்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகும்படி கையைக் காட்டினார்.

மார்புத்தட்டின் கொளுக்கிகள் முதுகுப் பக்கம். தானே இழுத்துக் கழற்றலாம், பூட்டுவதற்கு வேறொருவர் வேண்டும். நான் கிட்டப் போனேன்.

“வேணாம் அண்ணே” என்றார் மேரி. கோபமான குரலில்லை. வரிசையில் நின்ற ஒரு சிங்களப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பூட்டச் சொன்னார். காகித இறக்கை கட்டிய அந்தப் பிள்ளை அழுதுகொண்டே பூட்டியது.

மேரி உள்ளே போனார். மேடையில் ஏறி நின்றார். வெளிச்சம் மூன்றும் எரிந்தன. ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது யாரோ எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம். நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன்.

அதன் பிறகு ஒரு தடவை மேரி கேட்டார்: “அந்த வயர உள்ளுக்கு மாத்தணும். வர்றீங்களா?” வருகிறேன் என்றேன். போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை. வேலையிடத்தில் அவருடைய மேசையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கத்தால் நடக்கப் பழகினேன். பிறகு அவரே ஈயம் உருக்கி ஒட்டி, விரலைச் சுட்டுக்கொண்டதாக மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

நோய் திரும்பி வந்து எலும்பில் இறங்கியபோது அவர் வேலையை விட்டார். அந்தச் செய்தியும் எனக்கு மற்றவர்கள் மூலமாகத்தான் வந்தது. போனேன். ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். நான் பார்த்தது மெலிந்துபோன, பழைய மேரியில் பாதியைத்தான்.

“மேரி, அண்டைக்கு நான்...”

“சொல்லியிருக்கணும் அண்ணே.”

“ஓம்.”

“நான் ஒங்களக் காட்டிக்குடுத்திருக்க மாட்டேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிலோமினா தேநீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. கடைசியில் மேரி, “அலுமாரிக்கு மேல பொட்டி இருக்கு. எடுங்க” என்றார். கவசம் அதற்குள் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த நேரத்தில் அங்கே போனேன். அவர் மெலிய மெலியக் கவசத்தைச் சிறிதாக்கினோம். அவர் சொல்வார், நான் வெட்டுவேன். நாடாவால் அளந்து எண்ணைச் சொன்னால், கண்ணை மூடிக் கணக்குப் பார்த்து, எங்கே எவ்வளவு எடுக்கவேண்டும் என்பார். கோணலாக வெட்டினால் பேசாமல் துண்டைத் திருப்பி என் கையில் தருவார். கடைசி ஞாயிறு முன்கைத் தட்டை மட்டும் போட்டுப் பார்த்தோம். அது நழுவித் தோள்வரை போனது.

“இன்னும் ஒரு அங்குலம் எடுக்கலாம்” என்றார்.

“இதை ஆருக்கு மேரி இப்ப?” என்று கேட்டுவிட்டேன்.

“எனக்குத்தான். வேற யாருக்கு?” சற்று மூச்சு வாங்கி, “ஆனா இதப் போட்டு அனுப்பிறாதீங்க. சாமியார் பயந்துருவாரு. சேலை கட்டி அனுப்புங்க” என்றார். அன்று சிரித்தது அவர் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அயலவர்கள் கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலர்ச்சாலைக்காரர் வாசலில் நின்று, சவப்பெட்டிக்கு அளவு கேட்டார். பிலோமினா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. கூடப் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் அளந்து வைத்திருப்பதில்லை.

“உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்,” என்றேன். “தோள் பதின்மூன்று. இடுப்பு...”

மலர்ச்சாலைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். “இவ்ளோ வேணாங்க. ஒயரமும் தோளும் போதும்.”

இத்தனை காலத்தில் ஒருவர் மேரியைப் பற்றிக் கேட்டதற்கு நான் உடனே, உரத்து, பதில் சொன்னது அதுதான். அதைக் கேட்க அவர் இருக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், மழை தூறிக்கொண்டிருக்க, நீலச் சேலையில் அவரை அடக்கம் செய்தோம். குழிக்குள் பெட்டியை இறக்க நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். மிகவும் பாரமில்லாமல் இருந்தது.

வயரைப் பூட்டியது நான்தான், மேரி. போயிட்டு வாங்கோ.