வராத கடைசிப் பெட்டி

எங்கள் ஊரில் சினிமா பேசுவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. ஆனால் விஷயம் தெரிந்து பேசுகிறவர்கள் என்று பார்த்தால் மூன்று பேர்தான் தேறுவார்கள். ஒருவர் என் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. இன்னொருத்தி என் அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை. மூன்றாமவர் பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர். கேரள எல்லைக்குள், பெருமாட்டிப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ், சினிமாவுக்குப் பொள்ளாச்சி என்று வாழ்ந்துகொண்டிருந்த காலம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன்.

மாமா படக் கட்சி. பொள்ளாச்சியில் எந்தப் படம் போட்டாலும் தேங்காய் லோடு போகும் லாரியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவார். பார்த்ததைக் கூட்டிக் குறைக்காமல் சொல்வார். படத்தைப் பற்றிப் பொய் சொல்கிறவன் சோற்றில் மண்ணள்ளிப் போடுகிறவன் என்பது அவர் கொள்கை. அத்தை புத்தகக் கட்சி. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருப்பாள். கதையைப் படமாக எடுக்கிறவர்கள் எல்லோரும் கதையைக் கெடுக்கிறவர்கள் என்பது அவள் தீர்ப்பு. ராவுத்தர் எந்தக் கட்சியிலும் சேராதவர். பத்திரிகைக் கட்டு வந்ததும் விற்பதற்கு முன்பே எல்லாவற்றையும் படித்துவிட்டு, வாங்க வருகிறவர்களிடம் முடிவைச் சொல்லி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

மாமாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். முதலில் மாமாவுக்குத்தான் அத்தையைக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு இருந்ததாம். குலதெய்வக் கோயிலில் பூ கேட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் நடத்தலாம், சிவப்பு வந்தால் கூடாது. அன்றைக்கு வந்தது சிவப்பு. சாமியே வேண்டாம் என்ற பிறகு மனிதர்கள் என்ன பேச முடியும். அத்தையை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதன் பிறகு இருவரும் பேச வேண்டியதை எல்லாம் நடுவில் ஒரு குழந்தையை நிறுத்திவைத்துப் பேசினார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்தக் குழந்தை நான்தான்.

கொப்பரை காயும் களத்தின் இந்தக் கோடியில் மாமா, அந்தக் கோடியில் அத்தை, நடுவில் நான். “சந்திரனுக்கு ஆளே போயிட்டு வந்தாச்சு, இன்னும் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு இருந்தா எப்படின்னு உங்க அத்தைகிட்டக் கேளு அம்மணி” என்பார் மாமா. நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். “காத்தே இல்லாத சந்திரன்ல, படத்துல பாடுனவளோட முந்தானை எப்படிப் பறந்துச்சுன்னு உங்க மாமாகிட்டக் கேளு.” இப்படியே பொழுது சாயும். எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி பெருமையாக இருக்கும்.

அத்தை எங்கள் வீட்டில் இருந்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பெர்ஷியாவுக்குப் போயிருந்தார். அப்போதெல்லாம் துபாய், மஸ்கட் என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். கடலுக்கு அப்பால் இருந்ததெல்லாம் பெர்ஷியாதான். மேற்கே கடற்கரையில் ஏஜெண்டு ஒருவனைப் பிடித்து, பாஸ்போர்ட் எதுவும் இல்லாமல், இருட்டில் லாஞ்சு ஏறிப் போனவர். போனவரிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. லாஞ்சு நடுக்கடலில் கவிழ்ந்துவிட்டது என்று ஒரு பேச்சு. அவர் நல்லபடியாகக் கரை சேர்ந்து அங்கேயே வேறு குடும்பமாக இருக்கிறார் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் ஊர் மாற்றி மாற்றிப் பேசியது. அத்தையின் காதில் விழாத மாதிரி பேசுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் வாயைப் போலப் பாழாய்ப்போன ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் ஒரு விஞ்ஞானத் தொடர்கதை வந்தது. ஒரு விஞ்ஞானி ராக்கெட்டில் வேறொரு கிரகத்துக்குப் போகிறார். அங்கே அவருக்குச் சில மாதங்கள்தான் ஆகின்றன. இங்கே பூமியில் வருடம் வருடமாக ஓடிவிடுகிறது. அவர் மனைவி காத்திருக்கிறாள். அத்தை வாரா வாரம் சத்தமாகப் படிப்பாள், அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். கடைசி வாரத்தில் விஞ்ஞானி போனபோது இருந்த அதே இளமையோடு திரும்பி வருகிறார். வீட்டு வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். இந்த வீட்டில் இருந்த பெண் எங்கே என்று அவளிடமே கேட்கிறார். அவள் எப்போதோ போய்விட்டாள் என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வழியனுப்பி வைக்கிறாள் கிழவி. அவ்வளவுதான் கதை. அத்தை அந்த வாரம் சத்தமாகப் படிக்கவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். முடிவை எங்களுக்குச் சொன்னது ராவுத்தர்தான்.

கொஞ்ச காலத்தில் அந்தக் கதையே படமாக வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். முடிவை மாற்றிவிட்டார்கள், மனைவி கிழவியாவதற்குள் கதாநாயகன் திரும்பி வந்துவிடுவான் என்று எங்கிருந்தோ ஒரு சேதி கசிந்தது. வழக்கமாக இந்த மாதிரி சேதி கிடைத்தால் அத்தை களத்தில் நின்று கொதிப்பாள். இந்த முறை அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவே பொறுக்க மாட்டாமல், உங்கள் அத்தை ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார். நான் போய்க் கேட்டேன். “மாத்துனா மாத்தட்டும், அதுலென்ன” என்றாள். புத்தகக் கட்சிக்காரி இப்படிக் கட்சி மாறியது எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்கள் ஊர் ஓலைக் கொட்டகைக்குப் படம் வந்தது. ஒரே பிரதியை எங்கள் கொட்டகையும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கொட்டகையும் பங்கு போட்டுக்கொண்டன. அங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். சாயங்கால ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அத்தையும் வந்தாள். அவள் கொட்டகைக்கு வந்தது அந்த ஒருமுறைதான். ராக்கெட் என்று காட்டியது நெல் குதிருக்கு வெள்ளித்தாள் ஒட்டியது போல இருந்தது. கதையில் இல்லவே இல்லாத ஒரு கிரகத்து ராணி கிரீடம் வைத்துக்கொண்டு ஆடினாள். ராவுத்தர் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து, இப்போது உங்கள் அத்தை என்ன சொல்கிறாள் என்று என்னிடம் சைகையால் கேட்டார். அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதாநாயகன் ராணியிடம் விடைபெற்று ராக்கெட்டில் ஏறினான். கண்ணாடிக்கு வெளியே பூமி ஒரு சின்ன உருண்டையாகத் தெரிந்தது. அப்படியே விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கடைசிப் பெட்டி வரவில்லை. அது அரிசிக் கடத்தல் நடந்த காலம். செக்போஸ்டில் வண்டி வண்டியாகச் சோதனை. பெட்டிக்குள் அரிசி இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லி, மோட்டார் சைக்கிள்காரரை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். கொட்டகைக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஜனங்கள் பொறுமை இழந்து விசில் அடித்ததும் ‘வணக்கம்’ சிலைடைப் போட்டு முடித்துவிட்டார். விஷயம் தெரியாத ஊர்க்காரர்கள் அதுதான் படத்தின் முடிவு என்று நம்பி, விஞ்ஞானப் படமென்றால் இப்படித்தான் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று டீக்கடையில் புகழ்ந்து பேசினார்கள். மறுநாள் அந்தப் பெட்டிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன.

அத்தை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மாமா களத்துக்கு வரும்போதெல்லாம், கடைசிப் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்கள் மாமாவைக் கேள் என்பாள். தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்று அவர் பதில் அனுப்புவார். ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்து சேர்ந்தானா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். படத்துக்குப் போய் இவ்வளவு பைத்தியமா என்று நினைத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சியில் அந்தப் படத்தை எங்களுக்குப் பிறகுதான் போட்டார்கள். பள்ளிக்கூட லீவு நாளில் மாமா என்னையும் அழைத்துக்கொண்டு மதிய ஆட்டத்துக்குப் போனார். கடைசிப் பெட்டியை நான் என் கண்ணால் பார்த்தேன். பூமிக்கு வந்துகொண்டிருந்த கதாநாயகன் கண்ணாடியில் ராணியின் அழுத முகத்தைப் பார்க்கிறான். உடனே மாட்டு வண்டியைத் திருப்புவது போல ராக்கெட்டைத் திருப்பிவிட்டான். அப்புறம் அந்தக் கிரகத்தில் கல்யாணம், பெரிய ஆட்டம், ஏகப்பட்ட பெண்கள், புகை. பூமியில் மனைவி ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த ஆட்டம் ரொம்பவும் பிடித்திருந்தது. விளக்கு போட்ட பிறகும் மாமா எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து, “நீ ஒண்ணுஞ் சொல்லாத கண்ணு, நானே சொல்லிக்கறேன்” என்றார்.

அத்தை களத்தில் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா வழக்கமான இடத்தில் நின்றார். நானும் என் இடத்தில் நின்றேன்.

“உங்க அத்தைகிட்டச் சொல்லு அம்மணி, அவுரு வந்துட்டாரு.”

பிறகு விலாவாரியாகச் சொன்னார். ராக்கெட் ஊர்க்கோடி வயலில் இறங்கியது, சனங்கள் ஓடிவந்தார்கள், மனைவி வாசலுக்கு வந்தாள், அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை, அவன் அவளைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டான். படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. படத்தைப் பற்றிப் பொய்யே சொல்லாத மனிதர் எப்படிச் சரளமாக அளக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். அத்தை கொப்பரையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். என்னைத் தாண்டி நேராக மாமாவைப் பார்த்தாள்.

“ஏனுங்க, அப்ப அந்தம்மா என்ன கலருச் சேலை கட்டியிருந்தாங்க?”

மாமா யோசிக்கவே இல்லை. “மாம்பழக் கலருங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மாம்பழக் கலர் எங்கிருந்து வரும்! வாயைப் பாவாடையால் பொத்திக்கொண்டேன். அத்தை அந்தப் படத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவள்தானே, இப்போது மாமாவைப் பிடித்து உலுக்கிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

“நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க” என்றாள். மறுபடியும் குனிந்து கொப்பரையைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

படத்தை அத்தை பாராட்டி நான் கேட்டதே இல்லை. ராவுத்தர் கடைக்கு ஓடிப்போய், புத்தகக் கட்சி தோற்றுவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். சேலைக் கலரைச் சொன்னதும் அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தராசுத் தட்டிலிருந்த பருப்பை நிறுக்காமலேயே வாங்க வந்தவரின் பையில் கொட்டிக் கொடுத்துவிட்டு, “இத யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதே, புள்ளே” என்றார்.

அத்தையின் வீட்டுக்காரர் கடைசிவரை வரவில்லை. லாஞ்சிலா, கரையிலா என்றும் தெரியவில்லை. மாமா அந்த மழைக்காலத்திலேயே தன் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குமுளியில் ஏலக்காய் மண்டி ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. களத்தில் எனக்கு நிற்க இடம் இருந்தது, தூக்கிக்கொண்டு போகப் பேச்சு இல்லை. அந்த வெறுமை எனக்கு இன்றைக்கும் போகவில்லை. அத்தை பத்திரிகை வாங்குவதையும் நிறுத்திவிட்டாள்.

தைப் பொங்கலுக்கு அப்பா துணியெடுக்கப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். உனக்கு என்ன கலரில் சேலை வேண்டும் என்று அத்தையிடம் கேட்டார். எதுவானாலும் சரி, மாம்பழக் கலர் மட்டும் வேண்டாம் என்றாள். மாம்பழக் கலர் அத்தைக்கு எடுப்பாக இருக்குமே, ஏன் வேண்டாம் என்கிறாள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா என்னைக் கேட்காமல் போய்விடப் போகிறாரே என்று பஸ் வரைக்கும் கூடவே ஓடி, நான் எனக்கு அந்தக் கலரில் பாவாடை கேட்டேன்.