விருந்தாளிக்கு ஒத்துக்காத நாய்க்குட்டி

துணிக்கடைக்குத் திரும்பி வரும் சேலை பேசாமல் பைக்குள் கிடக்கும். என் கடைக்குத் திரும்பி வரும் சரக்கு வாலாட்டிக்கொண்டே வரும், இந்தத் தொழிலில் இருக்கிற கொடுமையே அதுதான்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் பதினொரு வருடமாக வளர்ப்புப் பிராணிகள் கடை வைத்திருக்கிறேன். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, லவ் பேர்ட்ஸ், மீன். என் பெயர் கலைச்செல்வி. நாய்களைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, சடை பிரித்துவிடுவதற்கு ஆரோக்கியம் அண்ணன் இருக்கிறார். ஒன்றை விற்று அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் நாள்

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். போன தை மாதம் நால்வரும் வந்து ஒரு லாப்ரடார் குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் நிறத்தைப் பார்த்துச் சின்னவள் கடையிலேயே ‘பிஸ்கட்’ என்று பெயர் வைத்துவிட்டாள். அன்று நான் சாயங்காலம் வரை நல்ல மனநிலையில் இருந்தேன். அதைச் சொல்லக் காரணம், அப்புறம் ரொம்ப நாளைக்கு அப்படி இருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் கூடையில் பிஸ்கட், அதன் துண்டு, தட்டு, ரப்பர் பந்து. திருப்பூரிலிருந்து கணவரின் அக்கா வந்திருக்கிறாராம். வந்த அரை மணி நேரத்தில் கண் இரண்டும் வீங்கி, தும்மல் நிற்கவே இல்லையாம். சின்னவள் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எத்தனை நாள் இருப்பாங்க?” என்று கேட்டேன். நாலு நாள் என்றார். “அதுவரைக்கும் குட்டி இங்கேயே இருக்கட்டும், அவங்க ஊருக்குப் போனதும் வந்து கூட்டிட்டுப் போங்க” என்றேன். அந்த அம்மா கூடையை என் மேஜை மேல் வைத்தார்.

“நாலு நாள்தாங்க்கா இருப்பாங்க. ஆனா நாப்பது வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவாங்க.”

முடி இல்லாத நாய்

அதே வாரம் ஒரு பெரியவர் வந்தார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிமைக்குத் துணையாக ஒரு நாய் வேண்டும். ஆனால் மாதம் ஒரு முறை வரும் பேரனுக்கு அலர்ஜி. ஆகவே முடி கொட்டாத நாயாக வேண்டும் என்றார். செல்போனில் ஒரு வீடியோவையும் காட்டினார். அதில் ஒருவர், குறிப்பிட்ட ஜாதி நாயால் யாருக்கும் எதுவும் வராது என்று அடித்துச் சொன்னார். நான் பொறுமையாக விளக்கினேன். பிரச்சினை முடியோடு முடிவதில்லை. எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் பொடியிலும் இருக்கிறது. அது இல்லாத நாயே கிடையாது. பேரனுக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். அவர் யோசித்தார். “பழனியில அடிக்கிற மாதிரி மொட்டை அடிச்சுக் குடுத்தா?” என்றார். ஆரோக்கியம் அண்ணன் குளியல் தொட்டியிலிருந்து நிமிர்ந்து, “மொட்டை அடிச்சா எச்சில் ஊறாதா சார்?” என்றார்.

கடைசியில் மீன் தொட்டி வாங்கிப் போனார். மீனால் தும்மல் வராது என்று நானே சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, காலித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறினார்.

“பேரன் தும்மவே இல்லம்மா, நீ சொன்னது சரிதான். மீனை ஒவ்வொண்ணா எடுத்து மடியில வெச்சுக் கொஞ்சிட்டான்.”

ஒண்ணும் ஆகாதுங்க

இதைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஜெயந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் துபாயில். எட்டு வயதில் ஒரே மகள், நிலா. இருவரும் கடைக்கு வந்தபோது பிஸ்கட்டுக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. கால் நீண்டு, காது தொங்கி, குட்டி என்று சொல்ல முடியாத வளர்த்தி. யாரும் திரும்பிப் பார்க்காத அந்த நாயின் கூண்டுக்கு முன்னால்தான் நிலா போய் உட்கார்ந்தாள். அது கம்பிக்குள்ளிருந்து அவள் விரலை நக்கியது. ஜெயந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பழனியில இருந்து என் நாத்தனார் சனிக்கிழமை தவறாம வருவாங்க. நிலான்னா உசிரு அவங்களுக்கு. அவங்களுக்கு வீசிங் இருக்கு. நாய் இருந்தா ஏதும் ஆகுமா?” என்று கேட்டார்.

மறைக்காமல் கேட்ட கேள்வி. பெரியவரிடம் அவ்வளவு விளக்கம் சொன்ன அதே வாய்தான் எனக்கு. ஆனால் அந்தப் பிள்ளையின் விரலையும் நாயின் நாக்கையும் பார்த்துக்கொண்டே, “ஒண்ணும் ஆகாதுங்க. அவங்க வர்றப்ப வெளிய கட்டிப் போட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டேன். விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்று சொன்னேன். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

அவர்கள் பிஸ்கட்டைக் கூட்டிப் போன இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் ஜெயந்தி போன் செய்தார். நாத்தனார் ராணியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நாயை வெளியேதான் கட்டியிருந்தார்கள். ஆனால் அது தினமும் படுத்துப் புரண்ட சோபாவில்தான் ராணி உட்கார்ந்திருக்கிறார். நானும் ஆரோக்கியம் அண்ணனும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினோம். ஜெயந்தி கேட்டதும் நான் சொன்னதும் அன்று குளியல் தொட்டிப் பக்கம் இருந்த அண்ணன் காதிலும் விழுந்திருந்தது. வார்டில் முகமூடி வைத்து, புகை மாதிரி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராணி ஒவ்வொரு மூச்சையும் தோளைத் தூக்கி இழுத்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலா நின்றிருந்தாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். ராணி முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். கோபமே இல்லாத குரல்.

“செத்த தள்ளி நில்லுங்க. உங்க சேலையிலயும் முடி இருக்குதுங்க.”

கேட்டுத்தான் விற்பது

ராணி இரண்டு நாளில் வீடு திரும்பினார். பிஸ்கட் அதற்கு முன்பே கடைக்குத் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் வீட்டிலோ, வந்து போகிறவர்களிலோ யாருக்காவது தும்மல், இழுப்பு, தோல் தடிப்பு உண்டா? முதலில் வாங்குகிறவர் சிரிப்பார். அப்புறம் மனைவியைப் பார்ப்பார். மனைவி யோசித்து, சித்தி மகனுக்கு இருக்கிறது என்பார். இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போவார்கள். வரமாட்டார்கள்.

தொப்பம்பட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் மனைவியோடு பூனைக்குட்டி வாங்க வந்தார். கேள்வியைக் கேட்டேன். மனைவி சட்டென்று, “நம்ம மாப்பிள்ளை தும்முவாருங்களே” என்றார். அந்த வருடம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை தோப்புக்கு வந்தபோது விடாமல் தும்மினாராம், எதனால் என்று யாருக்கும் தெரியாதாம். “அவரை ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, பூனை எங்கேயும் போயிடாது” என்றேன். தோப்புக்காரர் கையிலிருந்த குட்டியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

“ஏனுங்க, பொண்ணு குடுக்கறப்பகூட நாங்க இந்தக் கேள்வியக் கேக்கலீங்க. பூனை குடுக்கறதுக்கு நீங்க கேக்கறீங்களே!”

காதுகுத்து

என் தங்கை அமுதா வேடசந்தூரில் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஒரு வயது. அடிக்கடி நெஞ்சில் சளி கட்டி இழுப்பு வரும். வீட்டில் பிராணி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொன்னவள், கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா வரும்” என்றாளாம். இதை அவளே சிரித்துக்கொண்டுதான் போனில் சொன்னாள். நானும் சிரித்தேன்.

காதுகுத்துக்கு நான் போகாமல் இருக்க முடியுமா? இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன். கடைக்குப் போகாத புதுச் சேலை. பஸ்ஸில்கூட ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்து போனேன். மண்டபத்தில் பிள்ளையைத் தூக்கவில்லை; நாலாவது வரிசையிலேயே இருந்தேன். சாம்பிராணிப் புகை சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை ஒரு தும்மல் போட்டான். ஒரே ஒரு தும்மல். முன்வரிசையிலிருந்த அத்தனை தலையும் சாம்பிராணிக் கரண்டியைத் தாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தது. அமுதா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“கோவிச்சுக்காதக்கா. உனக்குச் சாப்பாட்டைப் பார்சல் கட்டச் சொல்லிட்டேன்.”

இரண்டு பேரும்

ஆடி மாதத்தில் ஒரு நாள் எதிர்ச்சாரியிலிருந்து ஒருவர் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் மாஸ்க். என் போன் அடித்தது. எடுத்தால், பேசுவது எதிர்ச்சாரியில் நின்றவர்தான். ராணி. கிட்டே வர முடியாததால் அங்கிருந்தே பேசினார். நாயைத் திருப்பி அனுப்பியதிலிருந்து நிலா அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். “நான் இனி அந்த வீட்டுக்குப் போகலீங்க. பாக்கணும்னு தோணுனா அவங்க பழனிக்கு வரட்டும், குளிச்சிட்டு வரட்டும். நீங்க அந்த நாயை நிலாகிட்டயே குடுத்துருங்க” என்றார். நான் தெருவுக்கு இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமுமாக நின்றோம். நடுவில் ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் அழுதாரா என்று மாஸ்க்கில் தெரியவில்லை.

இந்தத் தடவை ‘ஒண்ணும் ஆகாது’ என்று நானாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று, ஜெயந்தியைக் கேட்கப் பள்ளிக்கூட வாசலுக்கே போனேன். ராணி சொன்னதை ஜெயந்தியிடம் அப்படியே சொன்னேன். “அவ அப்பா வருசத்துக்கு ஒருக்கா வர்றாரு. அப்பா வழியில அவளுக்குன்னு வந்து நிக்கிற ஒரே ஆளு இவங்கதான். சனிக்கிழமையை நிறுத்திட்டு நாய் எதுக்குங்க? நிலா கோவம் ஆறிடும். வேண்டாம்” என்றார். ராணியிடம் போனில் சொன்னேன். அவர் விடவில்லை. ஜெயந்தியும் விடவில்லை. ஒரு வாரம் நான் நடுவில் நின்று, அவர் விட்டுக்கொடுப்பதை இவரிடமும், இவர் விட்டுக்கொடுப்பதை அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஜெயந்தி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பிஸ்கட் இப்போது முழு நாய். கூண்டு கொள்ளவில்லை. யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கும், தன்னைப் பார்க்க வரவில்லை என்று தெரிந்ததும் படுத்துக்கொள்ளும். ஒரு நாள் அதற்கு முடி சீவிவிட்டபடி ஆரோக்கியம் அண்ணன் என்னிடம் சொன்னார்:

“ரெண்டு பேரும் நல்லவங்களாப் போயிட்டாங்க கலை. யாராவது ஒருத்தர் கெட்டவங்களா இருந்திருந்தா, இதுக்கு ஒரு வீடு கிடைச்சிருக்கும்.”

இத்தனை வருடத்தில் எங்களுக்கு ஒத்துக்கலை என்று மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பிராணிகளுக்குக் கணக்கே இல்லை. இந்த வீட்டு மனுசங்க எனக்கு ஒத்துக்கலை என்று தானாகத் திரும்பி வந்த பிராணி இன்றைக்கு வரைக்கும் ஒன்றுகூட இல்லை.