பினாயில் அக்கா போட்ட கோடு

அழுகிய மீனைக் குப்பையில் போட்டால் அது சாயங்காலம் திரும்பி வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பினாயில் அக்கா கற்றுக்கொண்ட பாடம் இது. காலையில் அவளே நின்று தொட்டியில் கொட்டவைத்த மீன், நாலு மணிக்கு இரண்டு கடை தள்ளி, குளித்து முழுகி, ஐஸ் மேல் ஜம்மென்று படுத்திருந்தது. அடையாளத்துக்கு அவள் வாலில் வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது. கடைக்காரர் கொஞ்சமும் கூசாமல், "வாங்க மேடம், இப்பதான் வந்து இறங்குச்சு" என்றார். மறுநாள் அவள் கையில் ஐந்து லிட்டர் பினாயில் கேன் ஏறியது. முப்பத்து மூன்று வருஷமாக இறங்கவில்லை.

மாநகராட்சியில் அவள் உணவு ஆய்வாளர். ஆயுதம் மூன்றுதான்: மூக்கு, கட்டை விரல், பினாயில். கறியை விரலால் அழுத்துவாள். அமுங்கிய இடம் எழும்பி வராவிட்டால் கேன் மூடியைத் திருகுவாள். புதிதாகச் சேர்ந்த அதிகாரிகள் கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, அது பச்சை விளக்குக் காட்டுகிறதா சிவப்பு விளக்குக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேட்டரி தீர்ந்துபோனால் அன்றைக்கு ஊரில் கெட்ட உணவே கிடையாது.

ஊற்றுகிற அதிகாரத்தை அவளுக்குக் கொடுத்தது தொண்ணூறு வருஷத்துப் பழைய நகராட்சி உணவு விதிகளில் இருபத்தேழாவது விதி. கெட்ட உணவைக் கண்டால், கண்ட இடத்திலேயே, விற்பவர் கண் முன்னாலேயே ஆய்வாளர் அதை அழிக்கலாம். கோர்ட் வேண்டாம், கருவி வேண்டாம், மேலதிகாரியின் கையெழுத்து வேண்டாம். எழுதியவன் எவனோ, ஒருநாளாவது சந்தைக்குள் நடந்திருக்கிறான் என்று அக்கா நினைப்பாள். அதற்கப்புறம் வந்த சட்டங்களை எழுதியவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அதுவும் சந்தை கொடுத்ததுதான், ஆனால் ஆபீஸ் வழியாக வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், "நான்கு பெட்டி கோழி அழிக்கப்பட்டது" என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அது மேசை மேசையாக ஏறி இறங்கி வந்தபோது, "நான்கு பெட்டி கோழி தவறுதலாக அழிக்கப்பட்டது" என்று ஆகியிருந்தது. அவள் விட்ட இடைவெளியில் எவனோ ஒரு சொல்லை உட்காரவைத்துவிட்டான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஆறு மாதம் விளக்கம் எழுதினாள். அன்றிலிருந்து காகிதத்தில் எங்கே வெள்ளை தெரிந்தாலும் அங்கே ஒரு கோடு இழுத்துவிடுவாள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில், வரி முடிகிற இடத்தில், கையெழுத்துக்குப் பின்னால், எங்கும் கோடு. "அக்கா ரிப்போர்ட் எழுதறாங்களா, துணி காயப்போடக் கயிறு கட்டறாங்களா?" என்று தட்டச்சு செய்பவள் கேட்பாள். கேட்கட்டும். அதற்குப் பிறகு அவள் எழுத்துக்குள் ஒரு புள்ளிகூட நுழையவில்லை.

இப்படியிருக்க, மேயருக்குத் துப்புரவு ஆசை வந்தது. தெருவைச் சுத்தம் செய்வது கஷ்டம், சட்டப் புத்தகத்தைச் சுத்தம் செய்வது சுலபம். உபயோகமற்ற பழைய விதிகளையெல்லாம் ரத்து செய்யப் போகிறோம், ஒவ்வொரு துறையும் தன் துறையில் செத்துப்போன விதிகளின் எண்களை நாளைக்குள் எழுதித் தரவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தொண்ணூறு வருஷம் கிடந்தது, ஒருநாளில் போயாக வேண்டுமாம்.

அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். செத்தவை இரண்டே இரண்டு. இருபத்திரண்டு: கறி வண்டி இழுக்கும் குதிரையின் வாலைத் துணிப்பையில் கட்டிவைக்க வேண்டும். முப்பத்தொன்று: வெண்ணெய் விற்கும் கடையில் கொழுப்பு மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது. ஒரு காகிதத்தில் இருபத்திரண்டை எழுதினாள், முப்பத்தொன்றை எழுதினாள். நடுவில் வெள்ளை தெரிந்தது. எவன் எந்த எண்ணைச் சொருகுவானோ என்று, பழக்க தோஷத்தில், அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.

அவள் கோட்டைப் பற்றித் தெரிந்த தட்டச்சுக்காரி அன்றைக்கு விடுப்பு. அவளுக்குப் பதிலாக உட்கார்ந்தவன் "விதி 22 முதல் 31 வரை" என்று அடித்தான். சட்ட அலுவலர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துக் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால் அவர் அந்தப் பதவிக்கு வந்திருக்கவே மாட்டார். கூட்டம் பதினோரு நிமிஷம் நடந்தது. ஓர் உறுப்பினர் குதிரை வால் விதியை உரக்கப் படித்துவிட்டுக் கனைத்துக் காட்டினார். சபை குலுங்கிச் சிரித்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று சொல்வார்கள். இவர்கள் வாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தும்பை அறுத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் "குதிரை வாலுக்கு விடுதலை" என்று கொட்டை எழுத்தில் வந்தது. அக்காவும் புருஷனும் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் ஐஸ் முதலாளியிடம் சோதனைக்குப் போனாள். சலவைச் சட்டை, நெற்றி தரையில் முட்டுகிற மாதிரி பணிவு. அவருடைய கிடங்கில் இரண்டு நாள் கரண்ட் இல்லை என்று அவளுக்குத் தகவல் வந்திருந்தது. அறுபது தட்டுக் கோழி. கரைந்து, மறுபடி உறைந்து, மறுபடி கரைந்தது. இறக்கையைத் தூக்கினாள், அடியில் பச்சை பூத்திருந்தது. தோல் சோப்புப் போல வழுக்கியது. ஒவ்வொரு தட்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது: மகப்பேறு மருத்துவமனை, நாளை காலை எட்டு மணி.

அக்கா மூடியைத் திருகினாள்.

"கொட்டுங்கக்கா, தாராளமா கொட்டுங்க" என்றார் முதலாளி. "எந்த விதிப்படி கொட்டறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுக் கொட்டுங்க."

"இருபத்தேழு. உனக்குப் படிச்சுக் காட்டியே என் தொண்டை வறண்டுபோச்சு, தெரியாத மாதிரி கேக்கற."

"அது செத்துப்போச்சுக்கா." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். மாநகராட்சி முத்திரை போட்ட ரத்து அறிவிப்பு. இருபத்திரண்டு முதல் முப்பத்தொன்று வரை. நாலைந்து நாளுக்குள் எத்தனை தடவை விரித்து விரித்துப் பார்த்தாரோ, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

அக்கா அதை வாங்கினாள். இரண்டு முறை படித்தாள். "பெத்துட்டுப் படுத்திருக்கிறவங்க சாப்பிடற கோழிடா இது."

"சூப்பு வைக்கும்போது கொதிச்சிடும்கா."

"கொதிச்சா புழு சாகும். விஷம் எங்கடா சாகும்?"

"மீன் வித்த காசு நாறாது, விடுங்கக்கா" என்று அவர் சிரித்தார். அவள் மூடியைத் திரும்பத் திருகிக்கொண்டு வெளியே வந்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் மூடியைத் திறந்துவிட்டு ஊற்றாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

சட்ட அலுவலரின் அறையில் மேசைமேல் நறுக்கிய ஆப்பிள் வலை மூடிக்குள் இருந்தது. அவர் ஆப்பிளில் ஓர் ஈ உட்காரக்கூடாது. அவள் சொல்லி முடித்ததும் அவர் ஃபைலிலிருந்து அவளுடைய காகிதத்தையே எடுத்து நீட்டினார்.

"இந்தக் கோடு யார் போட்டது மேடம்?"

"நான்தான் சார்."

"ரெண்டு எண்ணுக்கு நடுவுல கோடு போட்டா என்ன அர்த்தம்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"முப்பது வருஷமா என் கோட்டை இந்த ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறாங்க சார். ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேக்கணும்னு விதி இல்லையே." ஆப்பிள் துண்டு ஒன்று உள்ளே போனது. "அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு. அப்ப திருத்திக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"புதுச் சட்டம் இருக்கே. யாராவது சாப்பிட்டு உடம்புக்கு முடியாமப் போய், டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, உடனே நடவடிக்கை எடுக்கலாம்."

"அப்ப முதல்ல யாராவது சாகணும்."

"சேச்சே, சாகணும்னு இல்ல மேடம். வாந்தி எடுத்தாலே போதும்."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அக்கா வெளியே வந்து மருத்துவமனைச் சமையற்கூடத்துக்குப் போன் செய்தாள். அங்கிருந்த பொறுப்பாளர், எழுத்தில் கொடுங்கள், விதி எண்ணைப் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வந்த சரக்கைத் திருப்ப முடியாது என்று வைத்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் எண் வேண்டியிருந்தது. கோழி எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவளுக்கு எரிச்சலைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஊரில் உள்ள திருட்டுப் பேனாக்களுக்கெல்லாம் பயந்து போட்ட கோடு, கடைசியில் திருடனுக்கே ஏணியாகிவிட்டது. சொந்தக் கையாலேயே சூனியம் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் புருஷன் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் துணியில் பினாயில் வாசனை ஏறுகிறது என்று முப்பது வருஷமாகப் புலம்புகிற மனுஷர். கதையைக் கேட்டுவிட்டு மிஷினை நிறுத்தினார்.

"விதி இல்லாம கொட்டினா என்ன ஆகும்?"

"அடுத்தவன் பொருளை நாசம் பண்ணினதா ஆகும். வேலை போகும். பென்ஷனும் போகும்."

"நாலு மாசத்துல ரிட்டையர் ஆகப் போற. நாலு மாசம் கண்ணை மூடிக்கோயேன்."

"கண்ணை மூடிக்கலாம். மூக்கை எப்படி மூடறது?"

அவர் மறுபடி மிஷினை மிதித்தார். காலையில் பார்த்தால், கேன் வைக்கும் துணிப்பையின் பிய்ந்த வார் இரட்டைத் தையல் போட்டுத் தயாராக இருந்தது. பக்கத்தில் இன்னொரு பை, புதிது. ஒரு கேன் அறுபது தட்டுக்குப் போதாது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

ஏழு மணிக்கெல்லாம் அவள் கிடங்கு வாசலில் நின்றாள். தட்டுகள் லாரியில் ஏற வரிசையாக வெளியே இருந்தன. ஆனாலும் அவள் ஊற்றவில்லை. முதலாளி கார் வந்து நிற்கிற வரைக்கும் காத்திருந்தாள். விற்பவர் கண் முன்னால் என்றல்லவா விதி சொல்கிறது! விதி செத்தாலும் அவள் அதை மீறுவதாக இல்லை. அவர் இறங்கி ஓடிவருவதற்குள் முதல் வரிசை நனைந்துவிட்டது. அவர் கத்தக் கத்த ஒவ்வொரு தட்டாக, மூலை விடாமல், இரண்டு கேனும் காலியாகும்வரை ஊற்றினாள். பிறகு ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, போலீஸ் வரும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டுக்கு முட்டை போட்டார்கள்.

மூன்றாம் நாள் சட்ட அலுவலர் கூப்பிட்டனுப்பினார். ஐஸ் முதலாளியும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவர் முகத்திலும் அப்படியொரு சாந்தம். வழக்கென்று போனால் கோழியைப் பரிசோதிக்கச் சொல்வார்கள் என்று ஒருவருக்குக் கவலை. இருபத்திரண்டு முதல் முப்பத்தொன்று வரை எப்படிப் போனது என்று கேட்பார்கள் என்று மற்றவருக்குக் கவலை. வேலிக்கு ஓணான் சாட்சி சொல்ல வந்திருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம்" என்று தட்டச்சு செய்த காகிதத்தை நகர்த்தினார் அலுவலர். "கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுது. பென்ஷனுக்குப் பங்கமில்ல. அவருக்கு இன்ஷூரன்ஸ் கிடைச்சிடும். கேஸும் இல்ல."

அக்கா படித்தாள். "நல்ல நிலையில் இருந்த அறுபது தட்டுக் கோழியின் மேல் என் கை தவறிப் பினாயில் கவிழ்ந்துவிட்டது." அறுபது தட்டிலும், மூலை மூலையாக, இரண்டு கேன் காலியாகும்வரை கை தவறியதாம். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இந்த ஆபீஸில் கையெழுத்தும் வடியும்.

ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பொய் அல்ல. "தவறி" என்ற சொல்தான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் இடைவெளியில் நுழைந்த அதே சொல், இப்போது அவள் கையாலேயே உள்ளே வரப் பார்த்தது. அவள் கையெழுத்துப் போட்டால் அந்தக் கோழி காகிதத்தில் நல்ல கோழியாகிவிடும். நாளைக்கு இன்னொரு அறுபது தட்டுக்கு வழி பிறக்கும்.

"பேனா குடுங்க சார்" என்றாள்.

அலுவலர் முகம் மலர்ந்து கொடுத்தார். அவள் தட்டச்சு வரியைக் குறுக்கே அடித்தாள். அதற்குக் கீழே, நிதானமாக எழுதினாள்.

"கை தவறியது உண்மை. பேனா பிடித்தபோது தவறியது. ரத்து செய்ய நான் சொன்னது இரண்டு விதிகளை மட்டும். இருபத்தேழு அதில் இல்லை. பினாயில் ஊற்றியபோது கை தவறவில்லை. கோழி அழுகியிருந்தது."

"மேடம், பென்ஷன்..." என்று அலுவலர் எழுந்தே விட்டார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துக்குப் பின்னால் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை மிச்சமிருந்தது. அதன் குறுக்கே, காகிதத்தின் ஓரம்வரை, அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.