சிவப்புக் கல்லுக்கு மேலே

அந்தக் கோடையில் மலையில் நாங்கள் குடித்த தேநீர் உப்புக் கரித்தது. அலுமினியக் குவளையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்து நிற்கும். முதல் மிடறு குடித்ததும் மச்சான் சிரித்தான். "டேய், எங்கட தீவுத் தண்ணி இஞ்சயும் வந்திட்டுதடா!" சவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேறு யாரும் துப்பியிருப்பார்கள். நாங்கள் இரண்டு கிழமை அதை ஆசையோடு குடித்தோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மச்சான் என் மாமியின் மகன், என் வயதுக்காரன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருவரும் சுவிஸில் துன் நகரத்து விடுதியொன்றில் கோப்பை கழுவினோம். உப்புத் தேநீருக்கு முந்தைய கோடையில், கேபிள் கார்த் தூண் நாட்ட மலையைத் துளைத்தவர்களுக்குச் சமைக்க எங்களை மேலே அனுப்பினார்கள். சமையல் என்று பெயர். மண்வெட்டியும் கைக்கு வரும்.

அந்த உயரத்தில் கல்லுக்கு அடியில் மண் கோடையிலும் உறைந்தே கிடக்கும். துளைக்குள் விடும் தண்ணீர் உறையாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டினார்கள். வேலை முடிந்தபோது டீசல் கலந்த உப்புச் சேறும் ஓட்டைப் பீப்பாய்களும் மிஞ்சின. அவற்றைக் கீழே இறக்குவது பெரும்பாடு. நாங்கள் ஷெப் என்று கூப்பிட்ட மேற்பார்வையாளர் ஒரு குழியைக் காட்டினார். பனிக்கட்டி எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கும் என்றார். மச்சானும் நானும் மூடினோம். மேலே ஒரு பெரிய கல்லைப் புரட்டிவைத்து, அடையாளத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசியவன் மச்சான்.

மறு வருடம், அந்தத் தேநீர்க் கோடையில், வெயில் கொளுத்தியது. மச்சான் கீழே குடிலில், பக்கத்து ஊற்றுத் தண்ணீரில் சமைத்தான். நான் மேலே தூண்களுக்கு மசகு பூசினேன். பகலில் பனிப்புகார் இறங்கியதும் காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்கும், நிலத்துக்குள் யாரோ கோப்பை கழுவுவதுபோல. சிவப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது அசையாது. நாலு நாள் கழித்துப் போனால் கீழே வந்திருக்கும். கல் இருந்த இடத்தில் நிலம் குழிந்து ஈரமாகக் கிடந்தது. அதற்குக் கீழே ஒரு நாள், அந்தச் சரிவில் குடியிருந்த இடையனின் செம்மறிகள் வரிசையாக நிற்கக் கண்டேன். புல்லைத் தொடவில்லை. கழுத்து மணி ஒன்றும் ஒலிக்கவில்லை. தலையைக் குனிந்து கற்களை நக்கிக்கொண்டிருந்தன. விரட்டினேன், ஒன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு படுத்தே கிடந்தன, எழும்பவில்லை.

மாலையில் செம்மறிகளைப் பற்றி மட்டும் சொன்னபோது மச்சான் குவளையைக் கீழே வைத்தான்.

"இது ஊர்த் தண்ணியில்லையடா. நாங்கள் புதைச்ச தண்ணி."

"வாயைப் பொத்திக்கொண்டு இரு. வதிவிடப் பெர்மிட்டும் கிடைக்காமல் போகும்."

"இடையன்ரை மனிசி வயித்தில பிள்ளையோட இதே ஊத்திலதான் குடிக்கிறா. நீ இரு. நான் போறன்."

அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் சமையலறைக்குத்தான் போதும். என்றாலும் கையாலும் காலாலும் சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாள் இடையனும் ஊராட்சி ஆட்கள் இருவரும் வந்தார்கள். மச்சான் சிவப்புக் கல்லைக் காட்டினான். தோண்டினார்கள். கல்லும் பனிக்கட்டியும்தான் வந்தன. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த ஒருவர், மலைத் தண்ணீரில் கனிமம் இருக்கும் என்றார். ஷெப் காற்சட்டைப் பையில் கை விட்டபடி நின்றார்.

குழி பதினெட்டுக் காலடி மேலே, புகாருக்குள் இருந்தது. அது எனக்குத்தான் தெரியும்.

"நீயும் இருந்தாயல்லவா, இதுவா இடம்?" என்று என்னைக் கேட்டார்கள். மச்சான் என்னைப் பார்த்தான்.

"யா" என்று தலையாட்டினேன்.

பொய்யன் என்று அன்றைக்கே மச்சானை வேலையிலிருந்து நிறுத்தி மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இலை உதிருமுன் இடையன் வீட்டாரும் போய்விட்டார்கள். பிள்ளை எப்படிப் பிறந்தது என்று நான் விசாரிக்கவில்லை. பிறகு பாசல், லுசேர்ன், பேர்ண் என்று வேலை மாறிக்கொண்டே இருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் அந்த மலையில் நிலம் இளகித் தூண்கள் சாய்கின்றன என்று கேள்விப்பட்டேன். சூரிச்சில் கடை வைத்திருக்கும் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், அண்டைக்குக் கல்லு நகர்ந்துபோய்க் கிடந்தது. குழி அதுக்கு மேலை. எனக்குத் தெரியும்."

அவன் பக்கத்தில் டிராம் ஒன்று போய் முடிந்தது.

"அந்த ஊத்தில இப்பவும் ஆரும் குடிக்கினமோ?"

"தெரியாது."

"பிறகேன் எனக்குச் சொல்லுறாய்? அங்க போய்ச் சொல்லு."

போனேன். மலையடி ஊராட்சி அலுவலகத்துப் பெண் காகிதமும் பேனையும் தந்தார். தூணையும் சரிவையும் வரைந்து, இடத்தைக் குறித்தேன். யார் புதைத்தது என்று கேட்டார். நானும் இன்னொருவரும் என்றேன். அந்த இன்னொருவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அவர் அப்போதே சொல்லிவிட்டார். பொய் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள்."