செவ்வந்தி பெயர் வெட்டிய அண்டா

என் அக்கா செவ்வந்தி கையில் நாற்பதாயிரம் ரூபாய் சும்மா இருக்கிறது என்று தெரிந்ததும் காலனியில் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக்க வேண்டும் என்று பத்து வருஷம் கரும்பு வெட்டிச் சேர்த்த பணம் அது. இரண்டாயிரத்து இரண்டில் அவளுக்குத் தொகுப்பு வீடு வந்துவிட்டது. தளத்தை அரசாங்கமே போட்டுக் கொடுத்துவிட்டதால் பணம் மிஞ்சிப்போனது. எங்கள் சனத்தில் ஒருவருக்குப் பணம் மிஞ்சியது என்று அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆடு வாங்கச் சொன்னவன் நான். "ஆட்ட எங்கடா மேய்ப்ப? உன் பேருல எங்கனா பட்டா இருக்குதா?" என்று கேட்டாள். அவள் புருஷன் காசிநாதன் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்குகிறவர். வட்டிக்கு விடலாம் என்றார். வாசல் வாசலாகப் போய் நிற்கிற மூஞ்சி தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். கல்வராயன் மலையில் புளி வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்கலாம் என்றார் இன்னொருவர். அதற்கு மட்டும் ஒரு நாள் வெள்ளிமலை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். மலைச்சனம் தலையில் சுமந்து வந்த புளியை வியாபாரிகள் காலால் தள்ளிப் பார்த்து விலை கேட்டார்களாம். கரும்பு வெட்டப் போன இடமெல்லாம் நம்மை அப்படித்தான் கேட்டார்கள், நாமும் போய் இன்னொருத்தரைக் கேட்பதா என்று அதையும் விட்டாள்.

பதினைந்து நாள் கழித்துச் சொன்னாள், அண்டாவும் நாற்காலியும் வாங்கி வாடகைக்கு விடப்போவதாக.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வாடகைப் பாத்திரம் வைத்திருந்தவர் ஆதிமூலம் ஒருவர்தான். அவரிடம் இரண்டு வகைப் பாத்திரம் உண்டு. ஊர்த் தெருவுக்குக் கொடுப்பது ஒன்று. காலனிக்கென்று ஒதுக்கி வைத்தது இன்னொன்று. அதன் விளிம்பில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருப்பார், மாறிப்போகக் கூடாது என்று. அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது அந்தச் சிவப்புக் கோட்டு அண்டாதான் வந்தது. உலை கொதிக்கிற நேரத்தில் அடியில் ஒழுக ஆரம்பித்தது. கேழ்வரகு மாவைப் பிசைந்து அடைத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. அடுப்பு அணைந்து அரிசி பாதி வேக்காட்டில் நின்றது. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பசியோடு பஸ் ஏறினார்கள். ஆதிமூலத்திடம் போய்ச் சொன்னதற்கு, உங்களுக்கு இதைக் கொடுக்கிறதே ஜாஸ்தி என்றார். அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஆறு வருஷம் கழித்துப் பேசினாள். அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சிக்கு நானும் கூடப் போனேன். கனமான அண்டாவாக மூன்று பார்த்து வாங்கினாள். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்டாள். அடியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு நாழி நின்று பார்த்தாள். நாற்காலியும் ஐம்பது வாங்கினோம். பெயர் வெட்டுகிறவர் சின்ன மோட்டார் ஊசியை வைத்துக்கொண்டு என்ன பெயர் என்று கேட்டார். காசிநாதன் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். செவ்வந்தி, காலனி, என்று சொல்லி ஊர்ப் பெயரையும் சொன்னாள். பெயர் வெட்டுகிறவர் நல்ல மனுஷன். வாடகைக்கு விடுகிற பாத்திரம், நாலு பேர் எடுக்க வேண்டும், காலனி என்று போடாதே அம்மா என்றார்.

"என் வூடு அங்கதாங்க இருக்குது. அண்டா மாறிப் போச்சுன்னா எங்க கொண்டாந்து குடுப்பாங்க?" என்றாள்.

மூன்று அண்டாவின் கழுத்திலும் அப்படியே வெட்டிக் கொடுத்தார்.

சுற்றுப்பட்டில் இருக்கிற காலனிகளில் எது நடந்தாலும் அண்டா கேட்டு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். ஆதிமூலத்தின் சிவப்புக் கோட்டுப் பாத்திரங்கள் மூலையில் கிடந்தன. ஆனால் ஊர்த் தெருவிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. அவர்களும் வந்தால்தான் இது தொழில், இல்லாவிட்டால் சிவப்புக் கோட்டை நாமே போட்டுக்கொண்ட மாதிரி என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஆவணியில் ஊர்த் தெருவில் தெய்வசிகாமணி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. அவர் நிலத்தில்தான் நான் பதினெட்டு வருஷமாகக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். அதே நாளில் மூன்று கல்யாணம். ஆதிமூலத்திடம் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. தெய்வசிகாமணி என்னைக் கூப்பிட்டார்.

"மாயவா, உங்கக்கா அண்டாவ எடுத்தாந்துடு. அடியிலருந்து கழுத்து வரைக்கும் மண்ணு பூசிடு. பேரு தெரியக் கூடாது."

பெரிய பாத்திரத்தை விறகு அடுப்பில் ஏற்றும்போது வெளியே களிமண் கரைத்துப் பூசுவது வழக்கம்தான். கரி ஒட்டாது, தேய்க்கச் சுலபம். ஆனால் அதை அடியில்தான் பூசுவார்கள். நெருப்பு போகாத கழுத்துக்கு எவனும் பூசமாட்டான்.

அக்காவிடம் சொன்னேன். முதல் தடவையாக ஊரிலிருந்து கேட்கிறார்கள், பேசாமல் கொடு, என் பிழைப்பும் அங்கேதான் இருக்கிறது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாட்டு வண்டியைப் பூட்டு என்றாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அவளும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மண்ணைக் கரைத்தவன் நான். கழுத்து வரை பூசியவனும் நான்தான். மூன்று அண்டாவிலும் அவள் பெயரை என் கையாலேயே மூடினேன். சங்கராபுரத்திலிருந்து வந்த சமையல்காரர் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினார். பந்தலில் சனம் உட்கார ஆரம்பித்துவிட்டது. அப்போது அக்கா ஒரு துணியை வாளியில் முக்கி எடுத்து வந்தாள். அனல் அடிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் போய், முதல் அண்டாவின் கழுத்தைச் சுற்றித் துடைத்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. அடியில் இருந்த மண்ணைத் தொடவே இல்லை.

தெய்வசிகாமணி எழுந்து வந்தார். "இன்னா செவ்வந்தி, மாயவன் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னான்தாங்க. மண்ணு அடிக்குத்தாங்க. கழுத்துல பூசறது எந்த ஊரு பழக்கம்?"

"எல்லாரும் பாக்கறாங்க. மரியாதையா பூசச் சொல்லு."

"பேரு வாணாம்னா அண்டாவும் வாணாங்க. வண்டி நின்னுக்கினுதான் இருக்குது. தண்ணிய ஊத்திட்டு ஏத்திக்கினு போயிடறேன்."

உலை கொதித்துச் சத்தம் போட்டது. சமையல்காரர் அரிசிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "கொதி வந்துடுச்சுங்க. அரிசி போடறதா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

தெய்வசிகாமணி அண்டாவைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். "போடுய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அந்தச் சோற்றை எல்லாரும் சாப்பிட்டார்கள். இரண்டு பந்தி முடிந்து மூன்றாம் பந்தியும் நடந்தது. ஒருவருக்கும் விக்கல்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அண்டாக்களை எடுக்கப் போனபோது, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். அதோடு போகவில்லை. இரண்டு அண்டாவின் கழுத்தில் யாரோ கல்லால் கொத்தியிருந்தார்கள். செவ்வந்தி என்பதும் காலனி என்பதும் படிக்க முடியாமல் சிதைந்து கிடந்தன. அக்கா வீட்டு வாசலில் அவற்றை இறக்கிவைத்து, உன்னால்தானே இத்தனையும் என்று கத்தினேன். பதினெட்டு வருஷம் போச்சு என்றேன்.

"கல்லால அடிச்சவன் எவனோ எனக்குத் தெரியாது. மண்ணு பூசனவன் நீ. அத அப்புறம் பேசிக்கலாம். வண்டிய அவுக்காத, கள்ளக்குறிச்சிக்குப் போவணும்" என்றாள்.

பெயர் வெட்டுகிறவர் தடவிப் பார்த்தார். தேய்த்து மெருகு போட்டால் கொத்தினது தெரியாது, அதன்மேல் புதிதாக வெட்டிவிடலாம் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். கொத்தினது கொத்தினபடியே இருக்கட்டும், அதற்குக் கீழே வெட்டுங்கள், எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஊர்த் தெரு எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் அக்காவுக்கு வண்டி ஓட்டினேன். மண் பூசியதைப் பற்றி அவள் அப்புறமும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. மூன்றாம் வருஷம் தை மாதத்தில், ஊர்த் தெருவில் ஒத்துக்கொண்ட கல்யாணத்துக்குப் பாத்திரம் பற்றாமல் ஆதிமூலமே ஆள் அனுப்பினார், செவ்வந்தி அண்டா மூன்றும் வேண்டும் என்று. கழுத்தில் மண் பூச வேண்டும் என்று வந்த ஆள் சொல்லவில்லை. ஆனாலும் வண்டியில் என் பின்னால் அக்கா உட்கார்ந்து வந்தாள். மடியில் ஈரத் துணி இருந்தது.