இரவல் மூக்கில் வறுத்த கொத்தமல்லி

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் சுக்குமல்லிக் காப்பி விற்கிறவள் நான். கொடைக்கானலிலிருந்து இறங்கும் பேருந்துகள் நிற்கிற இடத்துக்கு எதிரே என் தள்ளுவண்டி. தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டு மலையேறுகிற கூட்டம், இறங்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும். ஊரார் சளியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

பேர்தான் காப்பி, காப்பித்தூள் ஒரு சிட்டிகை கிடையாது. தோல் சீவி இடித்த சுக்கு, வறுத்த கொத்தமல்லி, மிளகு, ஏலக்காய், கருப்பட்டி, இறக்கும்போது நாலு துளசி இலை. சூட்சுமம் கொத்தமல்லியை வறுப்பதில் இருக்கிறது. முந்தி இறக்கினால் பச்சை வாடை, பிந்தினால் கசப்பு. அந்தப் பதத்தை எனக்குச் சொல்வது கண்ணுமில்லை, கடிகாரமுமில்லை, மூக்குதான். மதியம் கூட்டம் குறைந்ததும் வண்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பை வைத்து வறுப்பேன்.

அங்கேதான் வம்பு. அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பவள் பூக்காரி. சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து கூடையோடு வருவாள். என்னை மதினி என்பாள். உறவு ஒன்றும் கிடையாது. சண்டை போட வசதியாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்ட முறை.

“மதினி, அந்த அடுப்ப ஓரடி தள்ளி வையி. எம் பூவுல புகை ஏறுது. வாங்கி வச்சுக்கிட்டுப் போறவளுக தலையெல்லாம் ரசம் மணக்குது.”

“ஒங் கூடையத் தள்ளி வையி.”

பத்து வருஷமாக இதே பேச்சு. நான் அடுப்பை நகர்த்தியதில்லை. அவள் முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியால் கூடையை மூடுவாள்.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுக்கை. தொண்டைக் கரகரப்புக்கு என் காப்பியையே வைத்துக் குடித்தேன், இதமாகத்தான் இருந்தது. காய்ச்சல் போனது, சளியும் போனது, கூடவே வாசனையும் போய்விட்டது. ஆறாம் நாள் வண்டியைத் திறந்து ஏலக்காய் டப்பாவில் மூக்கை வைத்தால் வெறும் காற்று. சிலருக்கு இப்படி ஆகும், தானாக வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராமலே போய்விட்டால்? எனக்கு வேறு தொழில் தெரியாது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. சளிக்கு மருந்து விற்கிறவளுக்கே மூக்கு போச்சு என்று தெரிந்தால் எவன் குடிப்பான்?

குத்துமதிப்பாக வறுத்தேன். கருகிவிடுமோ என்று பயந்து பயந்து முந்தியே இறக்கினேன். ருசி பார்த்தால் நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. தொண்டையில் சுள்ளென்று ஏறுகிற வரைக்கும் மிளகைப் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீ கொஞ்சம் தண்ணியாக இருந்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். மருந்து என்று கொடுத்தால் மட்டும் குறை சொல்ல மாட்டார்கள். எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பிக்கை. கண்ணில் தண்ணீர் வழிய வழியக் குடித்தார்கள். ஒரு கண்டக்டர் இருமி முடித்துவிட்டு, “அக்கா, இம்புட்டு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீக? ரெண்டு மடக்குல நெஞ்சு தொறந்துருச்சு” என்றார். நானும் அசட்டுத்தனமாகப் பூரித்துப் போனேன்.

நாலாம் நாள் மதியம் பூக்காரி எழுந்து வந்தாள். கூடையை மூடவில்லை.

“கண்ண மூடு மதினி.”

“எதுக்கு?”

“மூடுன்னா மூடேன்.”

மூடினேன். மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தாள். “இது என்ன பூவு?”

“மல்லிகை. இதுகூடவா தெரியாது?”

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் மரிக்கொழுந்து. கூடையில் இருந்தால் பஸ்ஸுக்குள் இருக்கிறவன்கூடத் திரும்பிப் பார்க்கிற வாசனை அதற்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நாலு நாளா நீ வறுக்குற, எம் பூவுல ஒரு வாசமும் ஏறல. பச்சையாவே எறக்குற. எப்ப இருந்து இப்படி?”

சொன்னேன். சொல்லும்போது அழுதும் விட்டேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “போடு சட்டிய” என்றாள்.

அன்றிலிருந்து மதியம் தவறாமல் வந்து உட்காருவாள். “இன்னுங் கொஞ்சம். கிண்டு, கிண்டு. செத்த நேரம் பொறு. ஆங், இப்ப எறக்கு.” மிளகை அவளே அளந்து போடுவாள். மறுபடியும் பழைய காப்பியாக ஆனதில் கண்டக்டருக்குத்தான் வருத்தம். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு என்னோடு இருந்த நேரத்தில் கூடை கேட்பாரில்லாமல் கிடந்தது. வந்த பெண்கள் எதிர்ப்பக்கம் போய்ப் பூ வாங்கினார்கள். அவள் அதைப் பார்த்தாள், எழுந்து போகவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. இத்தனைக்கும் ஊர்க்கதையெல்லாம் அளக்கிறவள் அவள்தான்.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஒருநாள் சொந்தத்தில் காதுகுத்து என்று அவள் வரவில்லை. பயந்துகொண்டே சட்டியை வைத்தேன். பாதியில் பஸ் ஒன்று வந்து நின்றது. நாலைந்து பேருக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மூக்கின் உள்ளே எங்கேயோ மெல்லியதாக ஒன்று தொட்டது. கெட்ட வாசனை. திரும்பினால் கொத்தமல்லி கருகிக்கொண்டிருக்கிறது. இறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சட்டிக்கு மேல் குனிந்து அந்தக் கருகலை முகர்ந்துகொண்டே நின்றேன். “கருகுதும்மா” என்று ஒருவர் சொன்னார். “தெரியுதுய்யா, தெரியுது” என்றேன்.

மறுநாள் அவள் வந்ததும் சட்டியைப் பார்த்துவிட்டாள்.

“ஒரு நாளு நா இல்லேன்னா சட்டியவே கருக்கிருவியா?”

கண்ணை மூடிக்கொண்டு அவள் கூடையில் கைவிட்டு, அகப்பட்டதை மூக்கில் வைத்தேன்.

“மரிக்கொழுந்து.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஈரத்துணியை எடுத்து உதறிக் கூடையை மூடிவிட்டு, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அதான் வந்துருச்சுல்ல. இனி எம் பூவக் கெடுக்காத மதினி.”

அந்தப் பெண்ணுக்கு நான் எப்படி நன்றி சொல்ல? வாயால் சொன்னால் சிரிப்பாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பை ஓரடி தள்ளி வைத்தேன்.